சீட்டுக்கு அடியில் ஓர் அரக்கன்

பெட்ரோல் போடும் இடத்தில் இன்றைக்கும் அதே கதைதான். ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கினேன். குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்த ஆள் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார். உள்ளே உன் அரக்கன், இரண்டாக மடிந்தபடி, ஒற்றைக் கண்ணால் அவரை முறைத்துக்கொண்டு கிடந்தான். "இன்னாம்மா இது?" என்று கேட்டார். பொம்மை என்றேன். அதற்குமேல் என்ன விளக்கம் சொல்வது? வண்டி வெயிலில் நின்றிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை முகத்தில் அடித்தது. அயர்ன் பாக்ஸுக்கு அடியில் பைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும்போது உன் வீட்டு முன்னறையில் வருமே, அதே வாசனை. பெட்ரோல் நெடியையும் மீறிக்கொண்டு அதுதான் வந்தது. டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமலேயே வண்டியை எடுத்துவிட்டேன்.

நீ போன பிறகு இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இருந்தபோதே நாம் எழுதிக்கொண்டதில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரே வரிசையில், நடுவில் ஒரு வீடு விட்டுக் குடியிருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? இப்போதும் பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு விஷயத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்பதற்கு உன்னை விட்டால் ஆளில்லை. நேரில் கேட்டிருந்தாலும் நீ ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டாய் என்பது வேறு விஷயம்.

போன மாதம் சொல்தா, நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்தார். ஞாபகம் இருக்கிறதா, நம் முதல் கிராக்கி? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு வந்து, அந்த நாட்டுப் பென்ஷனில் மாடி வீடு கட்டியவர். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உன் அரக்கன். திருஷ்டிக்கென்று மாடி முகப்பில் கட்டியிருந்தது; பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம், அதற்காகக் கழற்றியிருக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு மேல் அடுக்கு செதில் செதிலாக உரிந்திருந்தது. சிவப்பு நாக்கு இருந்த இடத்தில் நாலு நூல்தான் தொங்கியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொம்மையின் தாடைக்குக் கீழே தொங்கிய போர்டை விரலால் காட்டினார். "மக்க மாட்டேன்னு போட்டிருக்குதே. மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். கேலி இல்லை. மிக்ஸி வாங்கியவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

செய்தவள் இல்லை என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாயா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "மோன் தியே" என்று மெல்ல முனகினார். அவர்கள் பாஷையில் 'என் கடவுளே' என்று அர்த்தம். நம் தெருவில் சொல்தாக்கள் வீட்டில் டம்ளர் கீழே விழுந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

கிளம்பும்போது பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவே இல்லை. "கழட்டுனத திரும்ப ஊட்டுக்குள்ள எடுத்துனு போவக் கூடாதும்மா. இத்தினி வருஷம் ஊர்க் கண்ணெல்லாம் வாங்கி வெச்சிருக்குது. உங்க ரெண்டு பேரு கைப்பட்டது, நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இவன் என் வண்டியில்தான் இருக்கிறான். கடையில் வைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. வீட்டு வாசற்படி ஏறும் முன்பே என் மாமியார் குறுக்கே நின்றுவிட்டார். அடுத்த வீட்டுத் திருஷ்டியை யாராவது மடியில் கட்டிக்கொண்டு வருவார்களா என்று கேட்டார். வழக்கப்படி முச்சந்தியில் போட்டுக் கொளுத்த வேண்டும். கொளுத்தலாமா? பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள், புகை நஞ்சு என்று தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தது யார்? கடலில் விடலாமா? ஆமை தின்னும் என்று மைக்கில் பேசியது நான். குப்பைத்தொட்டியில் போடுவதற்குக் கையைத் தூக்கினேன். அப்போது மடிப்பு விரிந்து அவன் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தான். கையை இறக்கிவிட்டேன்.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. இப்போதுதான் உண்மையான சிக்கல் வந்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் உங்கள் மனையில் பாதியில் நின்ற வீட்டு வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். கூரைத் தளம் போட்டாகிவிட்டது, பூச்சு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். வேலை பார்த்த மில் மூடிய நாளிலிருந்தே அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். "ஊருக்கெல்லாம் செஞ்சி குடுத்தா. எங்க ஊட்டுக்குன்னு ஒண்ணும் வெச்சிட்டுப் போவல. அவ கையால செஞ்சது ஒண்ணு எங்கனா கெடைக்குமா செல்வி?" என்று கேட்டார்.

நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். உழவர்கரை பக்கம் புது நகர்களில் நீ கொடுத்தவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. கிரகப்பிரவேசம் முடிந்ததும் கழற்றிக் கொளுத்திவிட்டார்களாம். சொல்தா மட்டும்தான் மக்காது என்பதை நம்பி விட்டுவைத்திருக்கிறார். ஆக, உன் கையால் செய்தது என்று இந்த ஊரில் இருப்பது என் சீட்டுக்கு அடியில் இருக்கும் இவன் ஒருவன்தான். இவனோ இன்னொரு வீட்டின் கண்ணையெல்லாம் சுமந்தவன். உன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டலாமா? எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. அது உனக்கே தெரியும். அப்படியானால் அவரிடம் ஏன் நான் 'இருக்குது அண்ணே' என்று உடனே சொல்லவில்லை? 'பாக்கறேன்' என்று ஏன் சொன்னேன்? இதுதான் என் கேள்வி.

எல்லாம் அந்தப் பயிற்சியில் ஆரம்பித்தது. மகளிர் சுய உதவிக் குழுவில் பயிற்சி என்றதும் ஊறுகாயோ அப்பளமோ என்று நினைத்துத்தான் இருவரும் போனோம். சமுதாயக் கூடத்தில், ஏதோ சுற்றுச்சூழல் அமைப்பிலிருந்து வந்த பெண் ஒரு மூட்டைக் கேரி பேக்கைத் தரையில் கொட்டினாள். இவற்றைக் கொண்டு கலைப்பொருள் செய்யலாம், பார்க்கிறவர்களுக்கு விழிப்புணர்வு வரும் என்றாள். பெண்கள் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நீ ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "நல்ல கலருடி இது" என்றாய்.

கழுவ வேண்டும், கொடியில் காயப்போட வேண்டும், கைப்பிடிக் காதை வெட்ட வேண்டும். ஆறேழு பைகளை அடுக்கி மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து, அதிகம் சூடில்லாத அயர்ன் பாக்ஸால் தேய்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ரெக்ஸின் மாதிரி தடித்த ஒரே தாளாகிவிடும். அதை வெட்டித் தைக்கலாம். எனக்குச் சூடு பிடிபடவே இல்லை. நான் தேய்த்தால் சுருண்டுபோகும், இல்லாவிட்டால் ஒட்டாமல் பிரிந்து வரும். உனக்கு முதல் நாளே வந்துவிட்டது. அதனால் தேய்ப்பது நீ, பேசுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். டி.டி.பி. கடையில் வேலை பார்ப்பதால் போர்டு எழுதும் வேலையும் எனக்கு வந்தது.

கடற்கரைச் சாலையில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. ஒரு குழு மீன் செய்தது, ஒரு குழு பூச்செடி செய்தது. நாம் பிளாஸ்டிக் அரக்கன் செய்வது என்று நான்தான் முடிவு செய்தேன். பார்த்தால் பயம் வர வேண்டும் என்றேன். நாக்குக்கு ஜவுளிக்கடைப் பையின் சிவப்பு. கண்ணுக்கும் பல்லுக்கும் பால் கவரைத் திருப்பிப் போட்ட வெள்ளை. முகத்துக்குக் கறுப்பு. கறுப்புப் பைக்கு நம் ஊரில் பஞ்சமா? பாட்டிலை மறைத்து எடுத்துப்போகிற பைகள் ஒயின் ஷாப் வாசலில் காற்றில் உருண்டுகொண்டே இருக்கும். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே பொறுக்கப் போனாய். நான் எதிர்ப்பக்கம் நின்று, உன்னைத் தெரியாதவள் மாதிரி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

முகம் முடிந்து நீ தூக்கிக் காட்டியபோது எங்கேயோ பார்த்த முகம் போலிருந்தது. இரண்டு புருவமும் நடுவில் முட்டிக்கொண்டு, கீழுதடு முன்னால் தள்ளிக்கொண்டு. யாரைப் பார்த்துச் செய்தாய் என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் அயர்ன் பாக்ஸை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. "பிளாஸ்டிக்க பத்திப் பேசறப்போ உன் மூஞ்சி இப்பிடித்தான் இருக்குது. கண்ணாடியில பாத்ததில்லியா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் முகம் இன்னும் பொருந்தியது.

அவன் கழுத்தில் தொங்கவிட நான் ஒரு போர்டு அடித்தேன். 'நான் மக்க மாட்டேன். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருப்பேன்.' வெகுநேரம் யோசித்து எழுதியது. படித்தவர்களுக்குக் குலை நடுங்கும் என்று நினைத்தேன்.

கண்காட்சி அன்று மாலை கூட்டத்துக்குக் குறைவில்லை. சுண்டல் தின்றுகொண்டே வந்தார்கள், பிளாஸ்டிக் கப்பில் டீ குடித்துக்கொண்டே நான் பேசியதைக் கேட்டார்கள். சொல்தா மட்டும் போகாமல் நின்றார். அரக்கனை மேலும் கீழும் பார்த்தார், பின்னால் போய்த் தையலை இழுத்துப் பார்த்தார். போர்டை இரண்டு தரம் படித்தார். ஒருவராவது சிக்கினாரே என்று நான் அவரிடம் மண், வாய்க்கால், மாட்டு வயிறு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பேரப்பிள்ள காலம் வரைக்கும் இருக்குமா?" என்றார்.

"இருக்கும் சார். அதுதான் ஆபத்து" என்றேன்.

"வைக்கோல் பொம்ம கட்டுனேன், ஒரு மழைக்குத் தாங்கல. பூசணிக்கா அழுவிப் போவுது. இது நல்லாருக்குதே. எவ்ளோ?"

நீதான் முன்னால் வந்தாய். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. "ஆயுசுக்கும் கேரண்டி சார்" என்றாய்.

திரும்பும் வழியில் டெம்போவில் உன்னோடு சண்டை போட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாங்காதீர்கள் என்று சொல்லப் போய் விற்றுவிட்டு வருகிறோமே என்றேன். நீ சொன்னதை இன்றைக்கும் என்னால் தாண்ட முடியவில்லை. "அந்தப் பையெல்லாம் வாய்க்கால்ல கெடக்கறதுக்கு ஊட்டு மேல கெடக்கட்டுமே" என்றாய். சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. அன்றைக்குப் பிடித்த குழப்பம்தான்.

அதற்குப் பிறகு வீடு கட்டுகிறவர்கள் உன்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மீசை கேட்டார், ஒருவர் கொம்பு கேட்டார். நீ என் போர்டை விடவில்லை. "அதையே சின்னதா அடிச்சிக் குடு, கீழ ஒட்டிடறேன். அதுதான் கேரண்டி" என்றாய். அடித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் பார்த்தால் என் வாசகம் நம் கூட்டங்கள் எட்டாத தெருக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வீடு நெற்றியில் தொங்கியது. இன்னொரு பக்கம் பார்த்தால் அதைப் படித்து ஒருவர்கூடப் பயப்படவில்லை. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்த மழைக்காலத்தில் நம் தெரு வாய்க்கால் அடைக்கவில்லை. என் கண்ணால் பார்த்தேன். வருஷா வருஷம் படி வரைக்கும் ஏறும் தண்ணீர், அந்த வருஷம் பேசாமல் ஓடியது. தெருவில் விழுந்த பையெல்லாம் உன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட்டேன். அதே மாதத்தில்தான் கோடிவீட்டு அம்மாள் மளிகைக் கடையில், 'இன்னொரு கவர் சேத்துக் குடு, பொம்மைக்காரம்மாவுக்கு ஆவும்' என்று கேட்டு வாங்குவதையும் என் காதால் கேட்டேன். துணிப்பை கொண்டுபோய்க்கொண்டிருந்தவர்! உனக்கு உதவுவதாக நினைத்து நம் தெரு முழுக்க ஆளுக்கு ஒரு பை கூடுதலாக வாங்க ஆரம்பித்திருந்தது. நாம் குறைத்தோமா, கூட்டினோமா? எனக்கு இன்னும் கணக்கு வரவில்லை.

கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை நினைத்துப்பார். மீனைக் கறுப்புக் கவரில் போட்டு நீட்டினால் நீ வாங்க மாட்டாய். குண்டானைக் கொண்டுவந்து நீட்டி, இனிமேல் யாருக்கும் கவர் கொடுக்காதே என்று சத்தம் போடுவாய். போட்ட கையோடு, உன்னிடம் கிடக்கும் பழைய கவர் இருந்தால் கொண்டுவா என்பாய். அது பாவம், என்னதான் செய்யும்? ஒருநாள் உன்மேல் இருந்த பிரியத்தில் ஒரு கட்டுப் புதுக் கவரே வாங்கி வந்து கொடுத்துவிட்டது. நீ அதையும் வாங்கித் தொட்டியில் முக்கினாய். புதுசாச்சே, எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்டேன்.

"உனக்காகத்தான்டி. கழுவுனா பழைய பை ஆயிடுமில்ல? அப்ப உன் மனசு ஒத்துக்கும்" என்றாய்.

நான் எழுந்து போய்விட்டேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன், அது உனக்குத் தெரியாது.

ஒருமுறை கேட்டே விட்டேன், உனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று. "எதுல?" என்றாய். பிளாஸ்டிக் கெடுதல் என்பதிலா, கண் திருஷ்டியிலா என்று கேட்டாய். இரண்டிலும்தான் என்றேன். நீ கையிலிருந்த பையை மடித்து வைத்தாய். சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். "அயர்ன் பாக்ஸு சூடாயிடுச்சான்னு பாரு" என்றாய். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

உங்கள் மனை அப்போது ஜன்னல் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. மில் மூடி, உன் வீட்டுக்கார அண்ணன் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேன் ஆன வருஷம். சுவருக்குள் ஆமணக்கு முளைத்திருந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் செய்கிறாயே, உன் சுவரில் ஒன்றைக் கட்டேன் என்றேன். உனக்கு அது பெரிய நகைச்சுவையாக இருந்தது. "நம்ம ஊட்டப் பாத்து எவடி கண்ணு வெப்பா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். நீ எதற்கும் ஆசைப்பட்டதில்லை என்று இல்லை. யாராவது ஒருத்தியாவது உன் வீட்டைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தது. எனக்குத் தெரியும்.

காய்ச்சல் என்று படுத்தாய், மஞ்சள்காமாலை என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வார்டில் உன் கட்டிலைச் சுற்றிக் கேரி பேக்குகள்தான் தொங்கின. மருந்து ஒரு பை, துணி ஒரு பை, வந்தவர்கள் கொண்டுவந்த பழம் ஒவ்வொன்றும் ஒரு பை. இதற்கெல்லாம் நான் முகத்தைச் சுளிக்கிறேனா என்று நீ ஓரக்கண்ணால் பார்த்தாய். சுளிக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் எதன்மேலும் கோபம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. நீ கையை நீட்டி, ஆரஞ்சுப் பழம் வந்த ஒரு பையைத் தடவினாய். செக்கச்செவேல் இல்லை, அடுப்பு நெருப்பின் நிறம். "இத எந்தக் கடையில குடுத்தாங்கன்னு கேளு. நாக்குக்கு ஆவும்" என்றாய். அதற்கு மறுநாள் நீ பேசவில்லை.

உன் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று அண்ணன் என்னைக் கேட்டார். வழக்கமாகப் போடுவதைப் போட்டேன். அந்தப் பழப் பையை மடித்துப் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாமலே வைத்தேன்.

இப்போது சொல். என்ன செய்யட்டும்?

மேலே இருப்பதை எழுதி மடித்து வைத்துவிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் சில நாள் வெறுமனே கடத்தினேன். பிறகு பொறுக்க முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் பிடித்துச் சோப்புத் தூளைக் கரைத்தேன். உன் அரக்கனை எடுத்து உள்ளே விட்டேன்.

வேறு என்ன வழி எனக்குத் தெரியும்? ஒயின் ஷாப் பையும் கறிக்கடைப் பையும் உன் தொட்டியில் முங்கி எழுந்தால் வேறாகிவிடும். புதுப் பையையே கழுவிப் பழசாக்கியவள் நீ. அப்படியென்றால் பழசைக் கழுவினால் புதுசாகாதா? இது நியாயமா, பைத்தியக்காரத்தனமா என்று எனக்கே விளங்கவில்லை. என் மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ஒரு பிடி கல்லுப்பும் மஞ்சளும் கொண்டுவந்து தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார். நானும் அதைக் கலக்கிவிட்டேன். உரிந்து மிதந்த செதிலை எல்லாம் டீ வடிகட்டியால் அரித்து எடுத்தேன். அதை வாய்க்காலில் விட என்னால் முடியாது, அது உனக்குத் தெரியும்.

அவன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது பழப் பையை எடுத்தேன். பாதியை வெட்டி அடுக்கித் தேய்த்தேன். சூடு அதிகமாகிச் சுருண்டுவிட்டது. உட்கார்ந்து அழுதேன். மீதிப் பாதியில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். இந்த முறை ஒட்டியது, கோணலாக. அதையே நாக்காக வெட்டித் தைத்தேன்.

அண்ணனிடம் எதையும் மறைக்கவில்லை. இது சொல்தா வீட்டில் இருந்தது, ஊர்க் கண்ணெல்லாம் பட்டது, கழுவியிருக்கிறேன், கழுவினால் போகுமா என்று தெரியாது, நாக்கு மட்டும் என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்பார் என்று பாதி எதிர்பார்த்தேன், பாதி ஆசைப்பட்டேன். அவர் வாங்கி மடிப்பை நீவினார். நீ தைத்த பல்வரிசையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். "அவ கழுவாத அழுக்கா" என்றார். பிறகு என் முகத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். இது என் மூஞ்சி என்று நீ அவரிடமும் சொல்லியிருக்கிறாய், ராட்சசி.

சாரத்தில் அவரே ஏறிக் கட்டினார். வேலையாட்கள் கட்டுகிறோம் என்றதற்கு விடவில்லை.

எனக்குத் தெளிவு பிறந்துவிட்டது என்று நினைக்காதே. பிளாஸ்டிக்குக்கு எதிராகப் பேசுகிறவள் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றி வீட்டு உச்சியில் ஏற்றியிருக்கிறேன். திருஷ்டியை நம்பாதவள் திருஷ்டியைக் கழுவியிருக்கிறேன். மக்க மாட்டேன் என்று நானே எழுதிய வாசகம் பொய்யாகிவிடக் கூடாதே என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன். போகிற இடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஸ்கூட்டி டிக்கி காலியாகிவிட்டது, வாசனை போகவில்லை. அந்த ஆரஞ்சுத் துண்டு கொஞ்சம் மிச்சம் அதில்தான் கிடக்கிறது. இந்த நாக்கும் ஒருநாள் உதிரும், அப்போது வேண்டியிருக்கும்.

அண்ணன் இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் தெருவில் நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடைப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் பையோடு வந்தார்கள். உன் வீட்டு முன்னால் வந்ததும் நடை தயங்கியது. ஒருத்தி தலையை நிமிர்த்திக் கூரை வரைக்கும் பார்த்தாள்.

"யாரு ஊடுடி இது? நல்லா எடுப்பா கட்டினு இருக்காங்களே."

"ம். குடுத்து வெச்சவங்க. நமக்கு எங்க?" என்றாள் மற்றவள், பெருமூச்சு விட்டுக்கொண்டே.

கேட்டாயா? வைத்துவிட்டார்கள், உன் வீட்டின்மேல் கண்ணை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மேலே அவன், என் புருவமும் கோணல் நாக்குமாக, அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று, அவர்கள் தெரு திரும்பும் வரைக்கும் நானும் சேர்ந்து முறைத்தேன்.